தாயாதி நோட்டு

எங்கள் வம்சத்துக்குத் தண்ணீர் ஆகாது என்பது சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அப்பாவின் சித்தப்பா ஒருவர் தீர்த்தவாரியன்று கோவில் குளமான அனந்தசரஸில் முங்கினவர், மறுபடி எழுந்து வரவில்லை. அப்பாவின் தம்பி பாலாற்றில் போனார். அவருக்கு இருபத்திரண்டு வயது. சிநேகிதர்களோடு பந்தயம் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் அக்கரைக்கு ஓடினாராம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை எப்படி மூழ்குவான் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஜோசியர் ‘ஜலகண்டம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அதோடு விஷயம் முடிந்தது. எங்கள் வீட்டு மனிதர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் யார் வந்தாலும் அதை அசைக்க முடியாது.

தீர்த்தவாரியன்று ஊரே அனந்தசரஸில் விழுந்து எழுந்துகொண்டிருக்கும். நாங்கள் மட்டும் போட்டோவுக்கு நிற்பவர்கள் போல மேல்படியில் வரிசையாக நிற்போம். அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் வாங்கிவரச் செய்து, எங்கள் தலையில் நாலு சொட்டுத் தெளிப்பார். மூத்தவன் தேவராஜன் கண்ணை மூடிக் கைகூப்பி அதை வாங்கிக்கொள்வான். நடுவில் உள்ளவன் வரத், தண்ணீரில் குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பான். நான் கடைசி, சூடாமணி. நான் வரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வரத் என்னைவிட இரண்டு வயது பெரியவன். அவனை ‘அண்ணா’ என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. ‘டா’ போட்டுத்தான் பேசுவேன். அம்மா எத்தனையோ முறை தலையில் குட்டியும் அந்த வழக்கம் போகவில்லை.

தொண்ணூறாம் வருஷம் எங்கள் இருவரையும் லில்லி டீச்சரிடம் ஹிந்தி கற்கச் சேர்த்தார்கள். வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு என்பது வரத்தின் கண்டுபிடிப்பு. “பரீட்சை வரதும்மா, ஸ்பெஷல் கிளாஸ்” என்று அவன் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தில் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே வகுப்பு இருக்கிறதோ என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அப்பாவின் பழைய சைக்கிளில் பின்னால் என்னை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு ரோட்டில் மிதிப்பான். ஐயம்பேட்டைக்கு ஒரு பர்லாங்கு முன்னால் இடதுபக்கம் மண்பாதை. அதன் கடைசியில் தணிகாசலத்தின் நிலமும் பெரிய கிணறும் இருந்தன. தணிகாசலம் எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை வாழையிலை கொண்டுவந்து போடுகிறவர். இலைக்கட்டை இறக்கும்போது வரத் அவர் காதில் எதையோ ஓதி ஏற்பாடு செய்திருக்கிறான்.

“இன்னா சின்னசாமி, உங்கப்பாருக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாரு. நீச்சல் கத்துக்கினு நீ இன்னா கப்பல்லயா போவப் போற?” என்றார் அவர் முதல் நாள்.

“போனாலும் போவேன்” என்றான் வரத்.

காய்ந்த சுரைக்குடுவை இரண்டை அவன் முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறக்கினார். நான் பம்புசெட்டு அறையின் நிழலில் உட்கார்ந்து, ஹிந்திப் புத்தகத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் எங்கள் இருவருக்கும் ஆறாவது பாடத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. மூன்று வாரத்தில் கயிறு போயிற்று. ஆறு வாரத்தில் சுரைக்குடுவை போயிற்று. ஆடி மாதம் வருவதற்குள் அவன் மேல்கட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, எதிர்மூலையில் எழுந்து சிரிப்பான். அவன் பாய்வதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்த்து நான் அப்படி வாய்பிளந்ததில்லை. என் கல்யாணத்தில்கூட இல்லை.

தணிகாசலத்தின் மனைவி காந்தா வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுவருவாள். அவன் ஈரத்தோடு உட்கார்ந்து அதை உரித்து உரித்துத் தின்பான். என் பங்கையும் சேர்த்துத்தான்.

“நீயும் கத்துக்கோடி. ஜாதகத்துல உனக்கு ஒண்ணும் எழுதலையே” என்பான்.

எனக்கு எழுதவில்லை என்பது நிஜம். எங்கள் வீட்டில் பெண்களுக்கு ஜலகண்டம் எழுதும் வழக்கமே இல்லை. பெண்கள் யாரும் தண்ணீரில் போனதில்லை, அதனால் எழுதவில்லை. பெண்கள் யாரும் தண்ணீரில் இறங்கினதே இல்லை, அதனால் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷம் பிடித்தது. அப்போது தாவணி நனைந்துவிடும் என்று சொல்லி நான் இறங்கவில்லை.

என் வேலை வேறு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நெற்றியில் திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் இல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது, வீட்டுக்குள் வரவும் கூடாது. கிணற்றில் குதித்தால் அது நிற்குமா? முதல் பாய்ச்சலிலேயே அலம்பிப் போய்விடும். வெறும் நெற்றியோடு வந்தால் அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் ஒரு சின்னச் சிமிழில் ஸ்ரீசூர்ணமும், ஒரு திருமண் கட்டியும், ஒரு மெல்லிய குச்சியும் வைத்திருந்தேன். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்துவான். தலை துவட்டின துண்டைக் கேரியரில் காயப்போடுவான். நான் அவன் முகவாயை இடதுகையால் பிடித்துக்கொண்டு, திருமண் கட்டியைக் குழைத்து இரண்டு வெள்ளைக் கோடும் நடுவில் ஒரு சிவப்புக் கோடும் இடுவேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பான். அவன் அசையாமல் நின்றது வாழ்க்கையில் அந்த இரண்டு நிமிஷம்தான். முகத்தில் கிணற்றுப் பாசி வாசனை அடிக்கும்.

“கோணலா போட்டுடாதேடி, அம்மாவுக்கு ஸ்கேல் கண்ணு.”

“பேசாதேடா, ஆடறது.”

இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். எத்தனையோ கோலம் போட்டிருக்கிறேன். அந்தக் கோடு போட்டதுபோல இன்னொன்றைக் கவனமாகப் போட்டதில்லை. இரண்டு வருஷம் அம்மா கண்டுபிடிக்கவில்லை. ஹிந்திப் பரீட்சையில் இரண்டு பேரும் தோற்றபோதுகூட லில்லி டீச்சரைத்தான் திட்டினாள். அந்த இரண்டு வருஷத்தைப் போல ஒரு காலம் எனக்கு அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை.

தொண்ணூற்றிரண்டு மே மாதம். வரத் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தான். அன்றைக்கு நிற்காமல் இருபது சுற்று வருகிறேன், எண்ணு என்றான். நான் விரல் விட்டு எண்ணினேன். பதிமூன்றாவது சுற்றில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். பதினாலாவதில், கிணற்றின் நடுவில், நின்றான். திணறவில்லை, கத்தவில்லை, கையைக் காலை உதறவில்லை. நீந்திக்கொண்டிருந்தவன் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் நின்றுபோனான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன்.

தணிகாசலம் சிரிக்கவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு குதித்தார். அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வர அதிகம் போனால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். குப்புறப் போட்டு அமுக்கினார், மல்லாத்திப் போட்டு அமுக்கினார், வாயில் வாய் வைத்து ஊதினார்.

“தண்ணியே குடிக்கல பாப்பா. ஒரு சொட்டு வர்ல. புள்ள மூழ்கவே இல்ல. நீஞ்சிக்கினே இருந்தான், அப்டியே நின்னுட்டான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

காந்தா வண்டி பிடிக்க ஓடினாள். நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். அவன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தைத் துடைத்து, நெற்றியில் கோடு போட்டேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாதே என்று. அவன் அசையவே இல்லை. கோடு நேராக வந்தது.

வீட்டில் தணிகாசலம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “ஜலகண்டம்.” அதற்குப் பிறகு தணிகாசலம் எங்கள் வாசலுக்கு வரக்கூடாது என்று ஆயிற்று. “சாமி, நான் பாத்தேன், அவன் முழுகல சாமி” என்று அவர் தெருவில் நின்று சொன்னபோது அப்பா கதவைச் சாத்தினார். நானும் பார்த்தவள்தானே, வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நீ ஏன் அங்கே போனாய் என்று அப்பா என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்று வருஷத்தில் எனக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். என் கணவருக்கு வாலாஜாபாத் தபால் ஆபீஸில் வேலை, பூர்வீக வீடு திருப்புட்குழியில். கல்யாணத்தன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தார். “உனக்குக் கோத்திரம் மாறிடுத்தும்மா. நம்மாத்துக் கண்டம் இந்த வாசலோட சரி. உன் குழந்தைகளுக்குக் கிடையாது” என்றார். அப்பா என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுத்தடுத்து அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்த வார்த்தை மட்டும் என்னோடு இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் என் பெண் லக்ஷணாவை ஆறு வயதிலேயே தண்ணீரில் இறக்கினேன். கோடை விடுமுறைக்குத் திருப்புட்குழி போனால், என் மைத்துனர் பெண்களோடு தோட்டத்துப் படிக்கிணற்றிலேயே கிடப்பாள். எட்டு வயதில் மேல்படியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அவள் பாய்ந்த விதத்தைப் பார்த்து நான் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமாக.

இரண்டாயிரத்து ஆறு, மே மாதம். மாவடு போட்ட ஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, தேவராஜன் அண்ணா வீட்டுக்குத் தனியாகப் போயிருந்தேன். லக்ஷணா திருப்புட்குழியில் இருந்தாள். அண்ணா முந்தின வருஷம் கருடசேவையன்று, முன்னால் போய்விட்ட கோஷ்டியைப் பிடிக்க ஓடும்போது மயங்கி விழுந்திருந்தான். வெயில் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்றைக்குக் கூடத்தில் மேஜைமேல் பழுப்பு உறைகள் ஒரு கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்.

“அதெல்லாம் ஈசிஜி. உங்கண்ணாவோடது வெயில் மயக்கம் இல்லையாம். மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மா கண்டுபிடிச்சா. ஹார்ட்டுல தாளம் தப்பறதாம். வம்சத்துல வரதாம். ரத்த சம்பந்தம் உள்ளவா எல்லாரும் எடுத்துப் பாக்கணும்னுட்டா. இருபத்துமூணு பேர், வேன் வச்சிண்டு போயிட்டு வந்தோம்” என்றாள் மன்னி. அவள் குரலில் திருப்பதி போய் வந்த திருப்தி இருந்தது.

“இருபத்துமூணு பேரா?”

“ஆறு பேருக்கு இருக்காம். மாத்திரை சாப்பிடறா. ஜலகண்டம் ஜலகண்டம்னு சொன்னதெல்லாம் இதுதானாம். ஓடினாலும் நீந்தினாலும் வரதாம், அதுலயும் நீந்தறதுதான் ரொம்ப மோசமாம். எனக்கும் எடுத்தா, நன்னா இருக்காம்.”

“உங்களுக்கு எதுக்கு எடுத்தா மன்னி?”

“நானும் இந்தாத்துக் கோத்திரம்தானே?”

உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பார்த்தே இராத பெயர்கள், ஐந்து தலைமுறைக்கு முன்னால் பிரிந்த தாயாதிகள். திருவள்ளூர் ராஜகோபாலின் உறையும் இருந்தது. அவன் பிள்ளையில்லாத ஒரு தாயாதி ஸ்வீகாரம் எடுத்துக்கொண்ட பிள்ளை, எங்கள் ரத்தம் ஒரு சொட்டுக்கூட அவன் உடம்பில் கிடையாது. அவனுக்கும் எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. லக்ஷணாவின் பெயர் இல்லை.

தேவராஜன் கோவிலிலிருந்து வந்தான். பள்ளிக்கூட வாத்தியார். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயரெடுத்தவன்.

“என்னை ஏன் கூப்பிடலை?” என்றேன்.

அவன் நிஜமாகவே விழித்தான். உள்ளே போய் ஒரு நீளநோட்டை எடுத்துவந்து காட்டினான். எனக்குத் தெரிந்த நோட்டுதான், அப்பாவின் கையெழுத்து. எங்கள் தாயாதிகளில் யாராவது போய்விட்டால், பத்து நாள் தீட்டுக் காக்க வேண்டியவர்களுக்குத் தந்தி அடிப்பதற்காகப் பெயரும் விலாசமும் எழுதிவைத்த நோட்டு. டாக்டர் ரத்த சம்பந்தம் உள்ளவர்களின் பட்டியல் கேட்டதும், அவனுக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு பெயர் விடாமல் அழைத்துப் போயிருக்கிறான்.

“நீ நோட்டுல இல்லையேம்மா” என்றான்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பெற்ற தகப்பன் போனாலே மூன்று நாள்தான் தீட்டு. தாயாதி நோட்டில் அவளுக்கு என்ன வேலை? அவன் மேல் ஒரு தவறும் இல்லை, முறைப்படிதான் செய்திருக்கிறான். முறைப்படி செய்தே ஒருத்தியைக் கொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“டாக்டர் கோத்திரமா கேட்டா? ரத்தம்னு சொல்லலை? நான் யாருக்குப் பிறந்தேன் அண்ணா?” என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தினது அதுதான் முதல் தடவை. மன்னி சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவன் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. “லக்ஷணா எங்கே இருக்கா?” என்றான்.

திருப்புட்குழி வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் கிணற்றடியில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டோவில் அவனும் ஏறினான். காந்தி ரோடு நெரிசல் தாண்டி, பெங்களூர் ரோட்டைப் பிடித்துப் போகிற வரைக்கும் டாக்டர் கொடுத்த தாளை என்னிடம் நீட்டிப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தான். ஓட வேண்டாம். நீந்த வேண்டாம். திடீரென்று பயமுறுத்த வேண்டாம். அவனைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் நானும் என்ன செய்தேன்? கோத்திரம் மாறினால் கண்டம் போய்விடும் என்று அப்பா சொன்னதை, அவனைவிட நான்தான் ஆசையாக நம்பினேன். தணிகாசலம் தெருவில் நின்று சொன்னது என் காதிலும்தானே விழுந்தது. ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்காமல் எப்படிச் செத்தான் என்று பதினாலு வருஷத்தில் ஒரு டாக்டரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்காமல், என் பெண்ணைக் கிணற்றில் இறக்கிவிட்டு, பார்த்துப் பூரித்தேன்.

தோட்டத்துக்குள் ஓடினேன். கிணற்றை நெருங்கும்போது பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டு பெண்களும் படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். லக்ஷணா மட்டும் தண்ணீரில், சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தாள். “ஒம்போது!” என்றாள் ஒருத்தி.

கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். கத்தக்கூடாது. பயமுறுத்தக்கூடாது. என் பின்னால் ஓடிவந்த அண்ணாவின் வாயைக் கையால் பொத்தினேன். அப்புறம் படியில் இறங்கினேன். ஒவ்வொரு படியாக, புடவையோடு. பாதம், முழங்கால், இடுப்பு. முப்பது வயதில் முதல் முறையாக நான் தண்ணீருக்குள் போனேன். கடைசிப் படியில் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பல் கிட்டிப்போயிருந்தும் சிரித்துவைத்தேன். திரும்பினவள் என்னைப் பார்த்தாள்.

“அம்மா! நீயா? நீயா எறங்கியிருக்கே?”

“மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்லை. எங்கிட்ட வா” என்றேன்.

வந்தாள். ஐந்தாறு வீச்சு தூரம்தான். அவள் ஒவ்வொரு கையை வீசும்போதும் அடுத்த கை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது, வேகமாக, ஒழுங்காக. அதை விட்டு நான் அசையவில்லை. “அம்மா நடுங்கறா டீ, அம்மாவுக்கு பயம்!” என்று அவள் அந்தப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். மேலே அண்ணா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் மெட்ராஸ் போனோம். எனக்கும் இருந்தது, லக்ஷணாவுக்கும் இருந்தது. அவளுக்கு என்னைவிட அதிகம்.

“ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் அடுத்ததுக்குத் தயாராகணும். உங்க குடும்பத்துல சில பேருக்கு அது கொஞ்சம் லேட்டாகுது. சும்மா இருக்கும்போது தெரியாது. நீந்தும்போது துடிப்பு வேகமாகும், தயாராகாத நேரத்துல அடுத்தது வந்து விழுந்தா தாளம் கெட்டுடும். இருக்கிறவங்களோட ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணா பெண்ணான்னு அது பாக்காது” என்றார் டாக்டரம்மா.

அவர் ஒரு தாளில் எங்கள் வம்சத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். “உங்கப்பாவோட கூடப் பிறந்த பெண்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார். தேவராஜன் தலையைக் குனிந்துகொண்டு, “ரெண்டு அத்தை” என்றான். பேனாவை அவரிடமிருந்து வாங்கி, இரண்டு வட்டத்தையும் அவனே போட்டான். அந்த அத்தைகளின் பிள்ளைகளும் பெண்களும் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்க அவனுக்கு நாலு மாதம் ஆயிற்று. லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு வீடாகப் போனான். இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டு ஒரு வீட்டில்கூட அவனை உட்கார்ந்து பேசவிடவில்லையாம், ஆனாலும் எல்லாரையும் அழைத்துப் போய்க் காட்டிவிட்டான்.

எனக்கு மீதியிருந்தது ஒரே வேலை. வாலாஜாபாத் வீட்டில், ஒரு சாயங்காலம், லக்ஷணாவை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வரத் மாமாவைப் பற்றியும் சொன்னேன். அதுவரை அவளுக்கு அவன் சுவரில் மாட்டிய ஒரு படம்தான்.

“இனிமே ஸ்விம்மிங்கே கூடாதா?”

“கூடாது.”

“மாத்திரை சாப்பிட்டா?”

“சாப்பிட்டாலும் கூடாது.”

“ரெண்டே ரெண்டு ரவுண்டு?”

“கூடாது.” என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். எனக்கே கேட்டது.

அவள் கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

“அந்த மாமாவுக்கு இது இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, அவர் ஸ்விம்மிங்கை விட்டிருப்பாரா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. “விட்டிருக்க மாட்டான்” என்றேன்.

“அப்ப நீ என்ன பண்ணியிருப்பே?”

“தாத்தாகிட்ட சொல்லிக் கொடுத்திருப்பேன்.”

“அப்படிப் பண்ணியிருந்தா அவர் உன்னோட லைஃப் முழுக்கப் பேசியே இருக்க மாட்டார்.”

“மாட்டான்.”

“நானும் பேச மாட்டேன்” என்று எழுந்து போய், அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் காட்டிக்கொடுத்த அந்த இன்னொரு வரத்தை நினைத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வயது, முன்நெற்றியில் வழுக்கை, கொஞ்சம் தொப்பை. ஏதோ ஒரு ஆபீஸில் உத்தியோகம். நான் ஊருக்குப் போனால், ‘வந்துட்டாளா?’ என்று மன்னியிடம் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவன். அவன் தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்று அவன் முதுகைப் பார்க்கிறேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

லக்ஷணா சொன்னதைச் செய்தாள். பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரையை என் கையிலிருந்து வாங்காமல், தானே டப்பாவைத் திறந்து விழுங்கினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். என் கணவர்கூட, “அவளை நாலு வார்த்தை சமாதானமா சொல்லேன்” என்றார். நானோ ஒவ்வொரு வேளையும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் கோபமாக மென்று விழுங்குவதைக் கடைசிக் கவளம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.